கோடி போகும் பாலாறு

நந்தி மலைக்கு சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் அதிகம். 1,478 மீட்டர் உயரமுள்ள அந்த மலையையும் அதைச் சுற்றிய குன்றுகளையும் ஒட்டித்தான் வடபெண்ணை, தென்பெண்ணை, அர்க்காவதி, எங்கள் பாலாறு எல்லாம் பிறக்கின்றன. பாலாறு மழையை நம்பிய ஆறு. பெய்தால் தண்ணீர், இல்லையென்றால் மணல். கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடி வயலூரில் கடலில் கலக்கிறது.

கோலார் தங்கவயல்காரர்களுக்குப் பாலாறு என்றால் பேத்தமங்கலா ஏரிதான். இந்தப் பக்கம் ஆறு ஏரி ஏரியாகத்தான் இறங்கும். பேத்தமங்கலா கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், ராமசாகர் ஏரிக்குத் தண்ணீர்; ராமசாகர் நிரம்பினால்தான் ஆந்திர எல்லையைத் தாண்டும். பத்தாம் நூற்றாண்டிலேயே நுளம்ப அரசர் ஒருவர் பேத்தமங்கலா ஏரியைச் செப்பனிட்டதாகக் கல்வெட்டு இருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சுரங்கத்துக்கும் ஊருக்கும் குழாயில் வந்தது இந்தத் தண்ணீர்தான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வந்து அவர் குளித்தது பாலாறு. லைன் வீட்டுக் குழாயடியில் நாங்கள் குடம் வைத்து வரிசை பிடித்ததும் பாலாறு. அம்மா வாணியம்பாடிக்காரி. "எங்க ஊருக்கு வர வேண்டிய தண்ணிய உங்கப்பாரு வழியிலேயே குடிச்சுட்டாரு" என்பாள்.

லீவு நாளில் தூக்குவாளியில் புளிசோறு கட்டிக்கொண்டு ஏரிக்குப் போவோம். கோடி போகும் வருஷமென்றால் கொண்டாட்டம்தான். கல்கட்டின் மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் வழியும். சரிவில் பச்சைப் பாசி. பிள்ளைகள் கீழே உட்கார்ந்து, விழுகிற தண்ணீருக்கு முதுகைக் கொடுப்பார்கள். அக்காமார் துண்டை இரண்டு முனையில் பிடித்துக் கெண்டைக்குஞ்சு அள்ளுவார்கள்.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியது. மழையும் பல வருஷம் ஏமாற்றியது. 2021 நவம்பரில் ஏரி நிரம்பி வழிந்தபோது, ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் குடும்பம் குடும்பமாக ஜனம் அங்கே நின்றது. பேரப்பிள்ளைகளோடு நானும் நின்றேன். அவர்களை ஓரத்திலேயே நிறுத்திவிட்டேன். பாசிக்கல் காலை வாரிவிடும். அடியில் எங்கே பள்ளம் என்று கலங்கல் தண்ணீரில் தெரியாது. மேலே மழை வலுத்தால் ஒரு சாண் தண்ணீர் இடுப்பளவு ஏற அதிக நேரம் பிடிக்காது. 1903 நவம்பரில் இதே ஏரி உடைந்த வெள்ளத்தில்தான் வாணியம்பாடியில் ஏராளமானோர் மாண்டார்கள். அதற்கான நினைவுத்தூண் அம்மாவின் ஊரில் இன்னும் நிற்கிறது.

அதற்காகப் பிள்ளைகளை ஆற்றுப் பக்கமே விடாமல் வளர்க்க எனக்கு மனசில்லை. கோடிக்குக் கீழே ஆழம் எழுதிய பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, பெண்கள் ஈரத்துணி மாற்ற ஓர் அறை, அடுத்த மழைக்குள் வரத்துக் கால்வாயில் முள்ளை வெட்டி விடுவது. இவ்வளவையும் செய்து கொடுத்தால் போதும்.