காட்டுப்பாதை மோட்டார் சைக்கிள்களின் எடையில் வேற்றுமை ஏன்?

ஜொகூர் மாநிலத்தின் பெர்மாஸ் ஜெயா, கடைவீதிகளும் குடியிருப்புகளும் நிறைந்த ஒரு நகரப் பகுதியாகும். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்கும், மறுபுறம் மாசாய், பாசிர் கூடாங் ஆகிய இடங்களுக்கும் நாள்தோறும் எண்ணற்ற மோட்டார் சைக்கிள்கள் சென்று வருகின்றன. பாசிர் கூடாங்கில் 1986-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயத் திடலில்தான் 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் போட்டியின் மலேசியச் சுற்று நடைபெற்றது. இவ்வட்டாரத்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களின் மீது தனி ஆர்வம் கொண்டிருப்பதில் வியப்பொன்றுமில்லை.

இந்த ஆர்வம் தோட்டப்புறங்களையும் எட்டியுள்ளது. பால்மரக் காட்டின் செம்மண் பாதைக்கு, உயரமான 'ஸ்கிரம்ப்ளர்' வண்டியே ஏற்றது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் தவணை முறையில் வாங்கும் வண்டிக்குப் பல ஆண்டுகள் பணம் கட்ட வேண்டும். ஆகவே, வாங்குமுன் அதன் தன்மையை நாம் அறிந்துகொள்வது நலம். அத்தன்மைகளுள் முதன்மையானது எடை.

ஒரே நிறுவனம், இரண்டு வண்டிகள்

ஹோண்டா நிறுவனத்தின் சி.ஆர்.எஃப். 250 ஆர் என்னும் பந்தய வண்டி, எரிபொருளுடன் சேர்த்துச் சுமார் 105 கிலோ எடையுள்ளது. அதே நிறுவனத்தின் சி.ஆர்.எஃப். 300 எல் என்னும் வண்டியோ 142 கிலோ. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. எஞ்சின் அளவிலும் பெரும் வேற்றுமை இல்லை. முன்னது 249 சி.சி., பின்னது 286 சி.சி. அப்படியிருந்தும் எடையில் ஏறக்குறைய 37 கிலோ வேறுபாடு உள்ளது. 37 லிட்டர் மரப்பாலை எந்நேரமும் வண்டியில் ஏற்றி வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும். இந்த 37 கிலோ எங்கிருந்து வந்தது?

முதற் காரணம், சாலைச் சட்டம். பந்தய வண்டிக்கு விளக்கில்லை, ஒலிப்பான் இல்லை, கண்ணாடி இல்லை, திருப்பக்குறி விளக்கில்லை, எண் தகடும் இல்லை. ஆகையால் அதனைப் பொதுச் சாலையில் ஓட்ட இயலாது. சாலை வண்டிக்கோ இவை அனைத்தும் வேண்டும். ஓசையை அடக்கும் பெரிய புகைக்குழாயும், புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியும் வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதே, சேரும்போது சுமையாகின்றன.

இரண்டாவது காரணம், உலோகம். ஒரே பருமனுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் நிறுத்துப் பார்த்தால், அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இருக்கும். பந்தய வண்டியின் சட்டகம் அலுமினியத்தால் ஆனது. சாலை வண்டியினுடையது எஃகினால் ஆனது. எஃகு கனமாயினும் விலை மலிவு. வளைந்தாலோ விரிசல் கண்டாலோ சாதாரணப் பட்டறையிலேயே பற்றவைத்துச் சீர்ப்படுத்தலாம். அலுமினியத்தைப் பற்றவைப்பதற்குத் தனித்திறனும் தனிக்கருவியும் தேவை.

மூன்றாவது காரணம், சுமை தாங்கும் திறன். பந்தய வண்டியின் பின்பகுதி, இருக்கையையும் சேறுகாப்புத் தகட்டையும் தாங்குவதற்கே அமைக்கப்பட்டது. அதில் இன்னொருவர் அமரவோ, பால் தோம்பைக் கட்டவோ வழியில்லை. மனைவியையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றிச் செல்லும் வண்டிக்குப் பின்சட்டகம் தடித்திருக்க வேண்டும். தடித்தால் எடை கூடுகிறது.

நான்காவது காரணம், உழைக்கும் காலம். பந்தய எஞ்சின் சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்பட வேண்டியது; அதன் பிஸ்டனையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். சாலை வண்டியின் எஞ்சினோ பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டியது. உறுதியான பாகங்கள் கனமாகவே இருக்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. எடை குறைந்த வண்டியே எளிய வண்டி, மலிவான வண்டி என்று எண்ணிவிடலாகாது. எடையைக் குறைப்பதற்குத்தான் பணம் மிகுதியாகச் செலவாகிறது.

சென்னையில் உருவாகும் வண்டி

தமிழகத்தின் சென்னைப் பகுதியில் இயங்கும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஹிமாலயன் 450 என்னும் வண்டியையும் எடுத்துக்கொள்வோம். அதன் எடை 196 கிலோ. மலைப்பாதையில் நெடுந்தொலைவு செல்வதே அதன் நோக்கம். 17 லிட்டர் கொள்ளும் எண்ணெய்த் தொட்டியை அது கொண்டுள்ளது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ எடையுள்ளது. எனவே, தொட்டி நிறைந்தால் பெட்ரோல் மட்டுமே 12 கிலோவுக்கு மேலாகும். அத்துடன் 452 சி.சி. எஞ்சின், அதனைக் குளிர்விக்கும் நீர், மூட்டை முடிச்சுகளைத் தாங்கும் எஃகுச் சட்டகம் ஆகியவையும் சேர்கின்றன.

இதே ராயல் என்ஃபீல்டு பெயரில், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 125 சி.சி. வண்டி ஒன்று தயாரிக்கப்பட்டது. அதன் எடை சுமார் 60 கிலோ மட்டுமே. விமானத்திலிருந்து வான்குடையின் மூலம் இறக்கி, இறங்கிய இடத்தில் வீரர்கள் கையால் தூக்கிச் செல்லவும் வேண்டியிருந்ததால் அவ்வாறு அமைத்தனர். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். வண்டியோ இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுடன் 237 கிலோ எடையுள்ளது. செய்ய வேண்டிய பணி எதுவோ, அதுவே வண்டியின் எடையை முடிவு செய்கிறது.

எஞ்சினின் வகையும் எடையை மாற்றக் கூடியதே. 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சினில், 'ஃபோர் ஸ்ட்ரோக்' எஞ்சினில் உள்ள வால்வுகளும் அவற்றை இயக்கும் பாகங்களும் இல்லை. ஆகவே அது இலேசானது. ஆனால் எண்ணெய் கலந்து எரிவதால் புகை மிகுதி. எரிபொருள் செலவும் மிகுதி. இதனாலேயே புதிய சாலை வண்டிகளில் அவ்வகை அருகிவிட்டது.

பால்மரக் காட்டில் எடையின் விளைவு

நெடுஞ்சாலையில், கொள்கலன் லாரிகள் விரைந்து செல்லும்போது எழும் காற்றில், கனமான வண்டி எளிதில் அசையாது. ஆனால் வெளிக்காட்டில் நிலைமை நேர்மாறானது. மழை பெய்த சேற்று மேட்டில் 196 கிலோ வண்டி வழுக்கிச் சாய்ந்தால், ஒருவர் தனியாக நிமிர்த்துவது கடினம். விடியற்காலையில், ஆள் நடமாட்டமற்ற நிறைகளுக்கிடையே, வண்டியின் அடியில் கால் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எடையின் அளவைப் போலவே, அது அமைந்துள்ள இடத்தையும் நாம் கவனிக்க வேண்டும். நாம் நன்கறிந்த கப்சாய் வண்டி சுமார் 100 கிலோ எடையுள்ளது. அதன் எஞ்சின் தாழ்வாகவும் இருக்கை உயரம் குறைவாகவும் இருப்பதால், இரு கால்களையும் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். ஸ்கிரம்ப்ளர் வண்டியோ உயரமானது. குட்டையானவர் சரிவில் நிறுத்தும்போது, கால் எட்டாமல் வண்டி சாயக்கூடும். எந்த வண்டியாயினும், பின்னால் உயரமாகச் சுமை கட்டினால் முன்சக்கரத்தின் பிடிப்புக் குறைந்து, திருப்புவதும் நிறுத்துவதும் தடுமாறும். சுமையைத் தாழ்வாகவும், இருபுறமும் சமமாகவும் கட்டுவதே முறை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கடையில் எடையைக் கேட்கும்போது, எரிபொருளும் எண்ணெயும் நிரப்பிய நிலையிலுள்ள எடையைக் கேட்க வேண்டும். வெறும் வண்டியின் எடையை மட்டும் கூறினால் கணக்குத் தவறிவிடும். இருக்கையில் அமர்ந்து கால் ஊன்றிப் பார்க்க வேண்டும். கடைக்காரரின் இசைவுடன், வண்டியைச் சற்றே சாய்த்து நிமிர்த்தியும் பார்க்க வேண்டும்.

உரிமத்தையும் மறத்தலாகாது. பி2 உரிமம் 250 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கே உரியது. மேலே கூறிய 286 சி.சி. வண்டியையும் 452 சி.சி. வண்டியையும் அந்த உரிமத்துடன் ஓட்டுவது குற்றமாகும். பந்தய வண்டியை வாங்குவோர், அதனைப் பந்தயத் திடலுக்கு மற்றொரு வாகனத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

வெளிக்காட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே செல்பவருக்கு, நல்ல டயர் பூட்டிய கப்சாயே பெரும்பாலும் போதுமானது. மேடு பள்ளம் மிகுந்த பாதையில் நாள்தோறும் செல்பவர், 150 சி.சி. அளவிலுள்ள இலேசான ஸ்கிரம்ப்ளரை நாடலாம். நெடும்பயணம் செய்பவருக்கே கனமான வண்டி பயன்படும். அண்டை வீட்டார் வாங்கியதைப் பார்த்து வாங்காமல், நம் பாதையையும் நம் உடல் வலிமையையும் நம் வருவாயையும் எண்ணிப் பார்த்து வாங்குவோமாயின், பணமும் மிஞ்சும். உயிருக்கும் பாதுகாப்பு உண்டாகும்.