காற்றைப் படிப்பதும் காற்றில் படிப்பதும்

பண்டத்தரிப்பிலிருந்து கிழக்கே போனால் வரும் பலாலி விமான நிலையத்தில், ஓடுபாதையின் ஒரு முனைக்கு 05 என்றும் மறுமுனைக்கு 23 என்றும் பெயர். திசைகாட்டிப் பாகையைப் பத்தால் வகுத்து எழுதும் உலக வழக்கம் அது. ஒரு பக்கம் ஓடினால் வடகிழக்கு, மறுபக்கம் ஓடினால் தென்மேற்கு. மாதகல் கடற்றொழிலாளிக்கு இந்தத் திசைகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாடையும் சோளகமும் வருகிற திசைகள் அவை. விமானம் காற்றை எதிர்கொண்டுதான் ஏறும், எதிர்கொண்டுதான் இறங்கும். பலாலிப் பாதையும் அந்தக் காற்றுகளுக்கு ஏற்றபடியே கிடக்கிறது.

தைப்பொங்கல் காலத்தில் பட்டம் ஏற்றும் பிள்ளைகளின் கையிலும் பறத்தலின் முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சையின் மேல்நூலைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலே பட்டம் காற்றுக்குக் காட்டும் சாய்வு மாறிவிடும். சாய்வு பிழைத்தால் என்ன இழுத்தாலும் அது ஏறாது. விமானவியல் நூல்கள் இந்தச் சாய்வைத் தாக்குகோணம் என்கின்றன.

ரைட் சகோதரர்களும் 1899 இல் ஒரு பட்டத்தில்தான் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பறத்தல் பற்றிய வெளியீடுகளைக் கேட்டுப் பெற்றுப் படித்தார்கள். ஜேர்மனியின் ஓட்டோ லிலியந்தால் தொகுத்த கணக்கு அட்டவணைகளைக் கொண்டு சிறகுகளை அமைத்தார்கள். 1901 இல் அவர்களுடைய இயந்திரமில்லாக் கிளைடர் அந்தக் கணக்குச் சொன்ன அளவு எழும்பவில்லை. சகோதரர்கள் அதற்காகப் புத்தகத்தைத் தூக்கி எறியவுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பறக்கவுமில்லை. மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்து, சுமார் 200 சிறகு மாதிரிகளைத் தாங்களே சோதித்தார்கள். அடுத்த ஆண்டு கிட்டி ஹோக் மணற்குன்றுகளில் நூற்றுக்கணக்கான தடவை மிதந்து பழகினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடி நீடித்த முதல் இயந்திரப் பறப்புக்குப் பின்னால் இவ்வளவு படிப்பும் இவ்வளவு பழக்கமும் இருந்தன.

இன்றைய அனுமதிப்பத்திர விதிகளும் இரண்டையும் கேட்கின்றன. தனியார் விமானி ஆவதற்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் 35 போதும். வர்த்தக விமானிக்கு 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் 150. கூடவே வான்சட்டம், வானிலை, வழிகாணல், பறத்தல் கோட்பாடு, மனித உடலின் இயல்பு, வானொலித் தொடர்பு ஆகிய பாடங்களில் எழுத்துப் பரீட்சை. மாணவர்கள் பலர் இதைக் கடந்து தொலைக்க வேண்டிய தடையாகவே பார்க்கிறார்கள். அது ஆபத்தான பார்வை. ஏன் என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன.

முதலாவது ஏர் பிரான்ஸ் 447 விமான விபத்து. தாக்குகோணம் ஓர் எல்லையை, சாதாரணச் சிறகில் ஏறத்தாழ 15 பாகையை, தாண்டினால் சிறகின் தூக்குவிசை சரிந்து விமானம் விழத் தொடங்கும். இதை ஸ்டால் என்பார்கள். மூக்கைத் தாழ்த்து என்பதே அதற்கு மருந்து. முதல் வாரமே படிக்கிற பாடம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேலே வேகமானிக் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைக்க, தன்னியக்கக் கருவி விலகியது. விமானத்தைக் கையில் எடுத்த துணை விமானி மூக்கை உயர்த்தினார். ஸ்டால் எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தும் கட்டுப்பாட்டுக் கோல் பெரும்பாலும் பின்னாலேயே இழுபட்டிருந்தது. நாலரை நிமிடத்துக்குள் 228 பேரும் மாண்டார்கள். அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி விமானிகளுக்குக் கிடைத்திருக்கவில்லை என்று பிரெஞ்சு விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. தெரிந்த பாடம் கைக்கு வந்து சேரவில்லை.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது. 1954 இல் இலினோய் பல்கலைக்கழகம், கருவி பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை முகிலுக்குள் போனது போன்ற நிலையில் வைத்துச் சோதித்தது. அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள்; அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 வினாடி. வெளியே எதுவும் தெரியாதபோது உட்காதின் திரவம் பொய் சொல்லும். மெதுவாகத் திரும்பும் விமானம் நேரே போவதாகவே உடம்பு உணரும். எத்தனை வருட அனுபவமும் காதின் இந்த இயல்பை மாற்றாது. உடம்பை நம்பாதே, கருவியை நம்பு என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு அதன்படி கையைப் பழக்க வேண்டும்.

ஆகவே முதலில் புத்தகம் முழுவதும், பிறகு விமானம் என்று மாதக்கணக்கில் பிரித்து வைப்பதில் பெரும் பயனில்லை. ஸ்டால் பற்றி இரவு படித்த மாணவர் மறுநாள் பயிற்றுநருடன் பாதுகாப்பான உயரத்துக்குப் போய், மூக்கை உயர்த்தி, விமானம் நடுங்குவதை உணர்ந்து, தானே மீட்டெடுத்து, இறங்கியதும் நடந்ததைப் பேசித் தீர்ப்பதே உறுதியான வழி.

இலங்கையின் பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் இரத்மலானையில் இருப்பதால், வலிகாமத்துப் பிள்ளைகளுக்குப் பறப்புச் செலவோடு தங்கும் செலவும் சேர்கிறது. ஆனால் உயர்தரப் பௌதிகவியலோடு வானிலையையும் வழிகாணலையும் பண்டத்தரிப்பில் இருந்தபடியே படிக்கத் தொடங்கலாம். விமானத்தில் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் காசு என்பதால் இந்த முன்படிப்பு வீண்போகாது. பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே விமானிகளுக்கான மருத்துவச் சான்றிதழைப் பெற்றுவிடுவது நல்லது. கண்ணிலோ காதிலோ தடை இருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும்.