ஆடுகளுக்குத் திரும்புவோம்

அயல்மொழிப் பழமொழிகள் – 12

எவ்வளவு மாறினாலும் எல்லாம் பழையபடியேதான் என்று 1849-இல் எழுதிய அல்போன்ஸ் காரைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அவருக்கும் நானூறு ஆண்டுகள் முந்திய ஒரு நீதிமன்றத்துக்குப் போகலாம். மேடையில் நடந்த நீதிமன்றம்தான்.

பேச்சு எங்கெங்கோ போய்விட்டால் பிரெஞ்சுக்காரர்கள் “ரெவ்னோன் ஆ நோ மூத்தோன்” என்பார்கள். நம் செம்மறி ஆடுகளுக்குத் திரும்புவோம் என்பது நேர்ப்பொருள். பிரெஞ்சு படித்த ஆங்கிலேயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை “லெட் அஸ் ரிடர்ன் டு அவர் மட்டன்ஸ்” என்று வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார்கள். பிரெஞ்சில் ‘மூத்தோன்’ என்றால் மேய்கிற ஆடும் அதுதான், வேகிற கறியும் அதுதான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரபுக்களின் தட்டில் இருந்த கறிக்குப் பிரெஞ்சுப் பெயர் நிலைத்தது. பட்டியில் நின்ற ஆடு ‘ஷீப்’ ஆகவே இருந்துவிட்டது. அதனால் அந்த நேர் மொழிபெயர்ப்பைக் கேட்கும் ஆங்கிலேயனுக்குச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். வழக்கமான ஆங்கிலத்தில் இதை “லெட்ஸ் கெட் பேக் டு த பாயிண்ட்” என்று முடித்துவிடலாம். நாம் “சரி, விஷயத்துக்கு வருவோம்” என்போம்.

பொருள் இவ்வளவுதான். ஆனால் அந்த ஆடுகள் எங்கிருந்து வந்தன?

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் எழுதப்பட்ட ‘வக்கீல் பத்லேன்’ என்ற கேலி நாடகத்திலிருந்து. எழுதியவர் பெயர் இல்லை. பத்லேன் கட்சிக்காரர் இல்லாத வக்கீல். அவரும் மனைவி கியமெத்தும் கிழிசல் துணியோடு திரிகிறார்கள். ஒருநாள் ஜவுளிக்காரர் கியோமின் கடைக்குப் போய், அவருடைய தகப்பனாரை வானளாவப் புகழ்ந்து, ஏறத்தாழ 7 மீட்டர் கம்பளித் துணியைக் கடன் சொல்லி வாங்கிக்கொள்கிறார் பத்லேன். “வீட்டுக்கு வாருங்கள், வாத்துக்கறி சாப்பிட்டுவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம்” என்று அழைப்பு வேறு. ஜவுளிக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. 20 சூ கூடப் பெறாத துணியை 24 சூவுக்குத் தள்ளிவிட்டோம் என்று உள்ளுக்குள் மகிழ்கிறார்.

பணம் வாங்கப் போனால் பத்லேன் படுக்கையில் கிடக்கிறார். பதினோரு வாரமாக எழுந்திருக்கவே இல்லை என்று அழுகிறாள் மனைவி. நோயாளியோ ஜன்னி கண்டவர் போல நார்மண்டி, பிகார்டி வட்டார வழக்குகளில் தொடங்கி பிரெத்தோன், லத்தீன் வரை பிதற்றுகிறார். துணியைப் பேய்தான் வாங்கிப் போயிருக்க வேண்டும் என்று கியோம் திரும்பிவிடுகிறார்.

அதே கியோமிடம் ஆடு மேய்ப்பவன் திபோ. எஜமானின் ஆடுகளை அடித்துத் தின்றுவிட்டு, அம்மை கண்டு செத்துப்போயின என்று கணக்குச் சொல்லி வந்தவன். பிராது கோர்ட்டுக்குப் போகிறது. திபோ அமர்த்திய வக்கீல் பத்லேன். எதிர்க்கட்சி யார் என்று அப்போது அவருக்குத் தெரியாது. அவர் சொன்ன யோசனை ஒன்றுதான்: “யார் எதைக் கேட்டாலும் ஆடு மாதிரி ‘மே’ என்று கத்து.”

வழக்கு மண்டபத்தில் பத்லேனைப் பார்த்ததும் கியோமுக்குத் தலை சுற்றுகிறது. ஆட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கித் துணிக்குத் தாவுகிறார். துணியை விட்டு ஆட்டுக்கு வருகிறார். மேய்ப்பன் துணி வாங்கினானா, வக்கீல் ஆட்டைத் தின்றாரா என்று புரியாத நீதிபதி, ஆடுகளுக்கு வாரும் என்று அதட்டுகிறார். பழமொழி பிறந்த இடம் இதுதான். ‘மே’ என்பதைத் தவிர வேறு பதிலே வராததால், திபோ புத்தி சுவாதீனம் இல்லாதவன் என்று விடுவிக்கப்படுகிறான். பிறகு பத்லேன் பீஸ் கேட்கிறார். அதற்கும் பதில் ‘மே’தான். வல்லவனுக்கு வல்லவன்!

1530-களில் ரபெலே ‘கார்கந்துவா’ எழுதியபோது, முதல் அத்தியாயத்திலேயே இந்தத் தொடரை எடுத்தாண்டார். வாசகர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவை அப்போதே இருக்கவில்லை. ‘பத்லேன்’ என்ற பெயரும் தேனொழுகப் பேசி ஏய்ப்பவரைக் குறிக்கும் பிரெஞ்சு உரிச்சொல்லாகிவிட்டது.

இதற்கு முன்னோடியாக ஆய்வாளர்கள் காட்டுவது, முதல் நூற்றாண்டு ரோமில் மார்ஷியல் எழுதிய ஒரு குறுங்கவிதை. பக்கத்து வீட்டுக்காரன் மூன்று வெள்ளாடுகளைத் திருடிவிட்டான் என்று வழக்கு. வக்கீலோ பழைய போர்களைப் பற்றிக் கையை ஆட்டி முழங்குகிறார். என் ஆடுகளைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள் என்று கட்சிக்காரன் கெஞ்சுகிறான். அங்கே வழி தவறியவர் வக்கீல். ஆடுகளுக்குத் திரும்பினால் நியாயம் கிடைக்கும்.

பிரெஞ்சு நாடகத்தில் நிலைமை தலைகீழ். கியோம் உளறவில்லை. ஆடு போனதும் உண்மை, துணி போனதும் உண்மை. இரண்டில் ஒரு திருடனுக்கு இன்னொரு திருடன் வக்கீலாக எதிரே நிற்கிறான். அதைக் கோவையாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. பிராதில் இல்லாததைப் பேசாதே என்ற நீதிபதி முறைப்படி நடந்துகொண்டவர்தான். ஆனால் “அது என்ன துணி?” என்று அவர் துருவியிருந்தால் பத்லேன் அன்றே அகப்பட்டிருப்பார்.

பழமொழி அகராதிகள் தருவது நீதிபதியின் பொருளை மட்டும். நாடகம் பார்த்தவர்கள் ஜவுளிக்காரரின் கதியையும் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டத்திலோ, அலுவலகத்திலோ, குடும்பப் பஞ்சாயத்திலோ ஒருவரைப் பார்த்து “விஷயத்துக்கு வாருங்கள்” என்று அதட்டுமுன், அவர் சுற்றிச் சுற்றிச் சொல்வது இன்னொரு உண்மையான புகாரா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம்: 1757-இல் தன் கடற்படைத் தளபதி ஒருவரையே இங்கிலாந்து சுட்டுக் கொன்றதும், அதை வைத்து வோல்டேர் செய்த நையாண்டி ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சாகவே தங்கிவிட்டதும்.

(தொடரும்)