முதல் பெண் குரு



ஒருவருக்குப் பிறர் அளிக்கும் உரிமை வேறு. அவர் தம் உள்ளத்தில் ஏற்றுக்கொண்ட பணி வேறு. இவ்வேற்றுமையை எனக்குத் தெளிவாக உணர்த்தியது ஒரு சீனப் பெண்மணியின் வாழ்க்கை. அவர் பெயர் லீ டிம்-ஓய். ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

அவர் 1907-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பிறந்தார். ஆண் மகவையே பலரும் விரும்பிய காலம் அது. அவருடைய தந்தையாரோ, 'மிகவும் நேசிக்கப்படுபவள்' என்று பொருள்படும் பெயரை மகளுக்குச் சூட்டி மகிழ்ந்தார். 1931-இல் ஹாங்காங் பேராலயத்தில் ஒரு பெண்மணி திருப்பணிக்கு அமர்த்தப்பட்டார். அவ்வழிபாட்டில், இத்தொண்டுக்குச் சீனப் பெண் ஒருத்தி முன்வரமாட்டாளா என்ற கேள்வி எழுந்தது. அது தம்மை நோக்கிய அழைப்பே எனக் கொண்ட டிம்-ஓய், காண்டன் நகரில் இறையியல் கற்றார். 1941-இல் உதவிக்குரு நிலையை அடைந்தார்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். ஆங்கிலிக்கன் சபையில் உதவிக்குரு, குரு, அத்தியட்சர் என்று மூன்று படிகள் உண்டு. உதவிக்குரு போதிக்கலாம், நோயாளிகளைச் சந்திக்கலாம். ஆனால், அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் படைத்துத் திருவிருந்து நடத்தும் உரிமை குருவுக்கே உரியது. அந்நாளில் அப்படியில் பெண்கள் ஏற இடமில்லை.

டிம்-ஓய் பணியாற்றிய ஊர், போர்த்துக்கீசியர் அப்போது ஆண்டுவந்த மக்காவ். இரண்டாம் உலகப் போரில் அது நடுநிலை வகித்தமையால், சீனாவிலிருந்து அகதிகள் அங்கே வந்து குவிந்தனர். சுற்றிலும் ஜப்பானியரின் ஆதிக்கம். குரு எவரும் அவ்வூருக்கு வர இயலவில்லை. மக்களோ திருவிருந்துக்கு ஏங்கினர். முதலில் தற்காலிக அனுமதியின்பேரில் டிம்-ஓய் அதனை நடத்தினார். குருவுக்குரிய பணியைச் செய்பவருக்குக் குருப்பட்டம் அளிப்பதே முறை என்று ஹாங்காங் அத்தியட்சர் ரொனால்டு ஹால் துணிந்தார். 1944-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், ஜப்பானியர் வசமாகாத சாவ்சிங் வட்டாரத்தில் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார்.

போர் முடிந்தது, கண்டனம் மூண்டது. திருச்சபைத் தலைவர்கள் ஹாலின் செயலை ஏற்க மறுத்தனர். தம் பொருட்டு அத்தியட்சருக்கு இன்னல் நேரலாகாது என்று கருதிய டிம்-ஓய், 1946-இல் குருவாகப் பணிபுரியும் உரிமைச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால், பெற்ற பட்டத்தை அவர் துறக்கவில்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நீங்கள் கருத்தில் வையுங்கள். உரிமைச் சீட்டு சபை கொடுப்பது, சபை வாங்கிக்கொள்வது. பட்டமோ ஒருமுறை பெற்றால் வாழ்நாள் முழுவதும் நிற்பது.

அதன்பின் சீனாவில் ஆட்சி மாறியது. ஆலயங்கள் மூடப்பட்டன. டிம்-ஓய் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் உழைக்க நேர்ந்தது. கலாசாரப் புரட்சியின்போது, தம் வழிபாட்டு அங்கிகளைத் தம் கையாலேயே கத்தரித்துப் போடும்படி அவர் வற்புறுத்தப்பட்டார். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் அளவுக்கு மனம் நொந்த நாள்களும் உண்டு. எனினும் அவர் நம்பிக்கை அற்றுப்போகவில்லை.

1971-இல் ஹாங்காங் மறைமாவட்டம் வேறு இரு பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தது. 1979-இல் சீனாவில் ஆலயங்கள் மீண்டும் திறக்கப்படவே, டிம்-ஓய் திருப்பணியைத் தொடர்ந்தார். பின்னர்க் கனடா சென்று, டொராண்டோ நகரில் குருவாகவே பணியாற்றினார். 1984-இல் அவருடைய குருத்துவத்தின் நாற்பதாம் ஆண்டு விழா இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கொண்டாடப்பட்டது. விழா எடுத்த இங்கிலாந்துத் திருச்சபையில் அன்று ஒரு பெண் குருவாக முடியாது என்பது வியப்புக்குரியது அன்றோ!

1992 பிப்ரவரியில் அம்மையார் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அத்திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க இசைந்தது. 1994 மார்ச்சில் பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் அப்பட்டம் பெற்றனர். சாவ்சிங் நிகழ்ச்சிக்கும் இதற்கும் இடையே சென்றவை ஐம்பது ஆண்டுகள்!

நெருக்கடி வந்தபோது ஒருவரின் தகுதியை ஏற்றுக்கொண்டு, நெருக்கடி தீர்ந்ததும் மறுப்பது நீதியாகுமா? டிம்-ஓய் இக்கேள்வியை எழுப்பி வாதாடவில்லை. சீட்டைக் கொடுத்தார், பணியைக் கைவிடவில்லை. வாதாடியிருக்க வேண்டும் என்பாரும் உளர். எது சரி என்பதை நண்பர்களே, நீங்களே எண்ணிப் பாருங்கள்.