வீட்டுக்கு வரும் உயர்நிலைப் பள்ளி

மாணவர் பள்ளியைத் தேடிச் செல்வது உலக வழக்கம். பள்ளியே மாணவரைத் தேடி வீட்டிற்கு வந்தால்? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 1997-ஆம் ஆண்டில் இதைச் செய்து பார்த்தது. அன்று தொடங்கிய இணைய உயர்நிலைப் பள்ளியே இன்று 'ஃபுளோரிடா வர்ச்சுவல் ஸ்கூல்' என்ற பெயரில் நடைபெறும் அரசுப் பள்ளி. உயர்கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத சிற்றூரில் வாழும் மாணவிக்கும், நோயினால் வீட்டை விட்டு வெளியேற முடியாத மாணவனுக்கும் இத்தகைய பள்ளி பெரும் உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் வீட்டிற்கு வருவது பள்ளியா, பாடம் மட்டுமா? இக்கேள்விக்கான விடையில்தான் அப்பிள்ளைகளின் படிப்பே அடங்கியிருக்கிறது.

பாடம் பயணம் செய்யும் விதம்

இணைய வகுப்பு இரு வகைப்படும். முதலாவது நேரலை வகுப்பு. ஆசிரியரின் குரலும் உருவமும் எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் சேர வேண்டிய முகவரி இருக்கும். அவை வெவ்வேறு வழிகளில் சென்றாலும் மறுமுனையில் வரிசையாக அடுக்கப்பட்டு மீண்டும் குரலாகவும் படமாகவும் மாறுகின்றன. சில பொட்டலங்கள் தாமதித்தால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும்; படம் உறைந்து நிற்கும்.

இரண்டாவது, முன்பே பதிவு செய்த பாடம். இதில் அத்தொல்லை குறைவு. மாணவர் தமக்கு உகந்த நேரத்தில் பார்க்கலாம். புரியாத இடத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஒரே பதிவை நூறு பேருக்கும் காட்டலாம், இலட்சம் பேருக்கும் காட்டலாம். ஆகவே செலவும் குறைவு.

இஸ்திரிப் பெட்டி கற்பிக்கும் பாடம்

மின்சார இஸ்திரிப் பெட்டியில் வெப்பம் மிகுந்தால் மின்னோட்டம் தானே நிற்கிறது. குறைந்தால் மீண்டும் பாய்கிறது. விளைவை அறிந்து செயலைத் திருத்திக் கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் 'பின்னூட்டம்' என்பர். நல்ல ஆசிரியரும் இதையே செய்கிறார். கடைசி வரிசையில் ஒரு முகம் வாடினால், எடுத்துக்காட்டை மாற்றுகிறார், வேகத்தைக் குறைக்கிறார். பதிவு செய்த பாடத்திற்குக் கண் இல்லை. மாணவர் விழித்தாலும் தூங்கினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இதன் விளைவு என்ன? அமெரிக்காவில் அரசு நிதியில் தனி அமைப்புகள் நடத்தும் முழுநேர இணையப் பள்ளிகளைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. அங்குப் படித்தவர்களை, அவர்களை ஒத்த பிற பள்ளி மாணவர்களுடன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். வாசிப்பில் 72 நாள் படிப்புக்கு ஈடான பின்னடைவு காணப்பட்டது. கணிதத்திலோ அது 180 நாள்! ஒரு பள்ளி ஆண்டின் வேலை நாட்களே ஏறத்தாழ அவ்வளவுதான்.

முன்பே படிப்பில் இடர்ப்பட்டு இணையப் பள்ளிக்கு வந்தவர்களும் உண்டு. எனவே குறை முழுவதையும் இணையத்தின் மேல் சுமத்த முடியாது. ஆனால் அதே ஆய்வுத் திட்டத்தின் மற்றொரு பகுதி ஒரு காரணத்தைச் சுட்டியது. சாதாரணப் பள்ளியில் ஒரு நாளில் கிடைக்கும் அளவு நேரடிக் கற்பித்தல்கூட, இத்தகைய இணையப் பள்ளியில் ஒரு வாரத்தில் கிடைக்கவில்லை.

வளரும் மூளை

திட்டமிடுதல், ஆசையை அடக்குதல் ஆகிய பணிகளில் பெரும் பங்கு கொள்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. இது இருபது வயதைக் கடந்த பின்னும் சில ஆண்டுகள் வளர்ச்சி பெறுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கணிப்பொறியைக் கொடுத்து, "நீயே நேரம் வகுத்துப் படி" என்று விட்டுவிடுவது எவ்வளவு பெரிய சுமை என்பது இதிலிருந்து விளங்கும்.

மேலும், திரும்பத் திரும்பப் பார்ப்பதனால் மட்டும் பாடம் மனத்தில் நிலைப்பதில்லை. ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலார் 2006-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு குழுவினர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் சென்றபின், இருமுறை படித்தவர்கள் நினைவு கூர்ந்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு!

கேள்வி கேட்கும் குரல்

ஃபுளோரிடா பள்ளியில் ஆசிரியர் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, படித்த பகுதியைப் பற்றி வாய்மொழியாக வினவும் தேர்வு முறை உண்டு. எழுதி அனுப்பியது பிள்ளையின் சொந்த உழைப்பா என்பது இதில் தெரிந்துவிடும். எந்த இடம் புரியவில்லை என்பதும் தெரிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியில் கண்ட பின்னூட்டம் இங்கே தொலைபேசி வழியாக நடைபெறுகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இணையத்தில் பாடம் கற்கிறதா? பாடம் முடிந்ததும் திரையை மூடச் சொல்லி, "இன்று என்ன படித்தாய்? பார்க்காமல் சொல்" என்று கேளுங்கள். அந்தப் பாடம் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தடுமாறும் இடத்தைப் பிள்ளையே கண்டுகொள்ளும். அந்த இடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.