பழைய பெட்டியும் புதிய அலையும்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி எனக்கு நான்கு வயதாகும்போது வந்தது. 2006ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டி. சென்ற பொங்கலுக்கு முன் அதனுடன் இணைத்திருந்த கேபிள் செட்டாப் பாக்ஸ் பழுதாயிற்று. கடைக்குச் சென்ற என் தந்தையாரிடம், "இப்போ எல்லாம் டிஜிட்டல். இந்தக் குண்டு டிவியில இனிப் படம் வராது, எல்.இ.டி. வாங்கிருங்க" என்று கூறி அனுப்பிவிட்டார்கள்.

தந்தையார் கொத்து வேலை செய்பவர். வட்டிக்குப் பணம் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டு, இரவு சாப்பிடும்போது என்னைக் கேட்டார்: "நீ பிசிக்ஸ்தானே ஆத்தா படிக்கிறே, அவுக சொல்றது நெசந்தானா?" எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அன்று அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஒரு வாரம் நூலகத்திலும், எங்கள் துறை விரிவுரையாளரிடமும், ஊரில் டிவி பழுது பார்ப்பவரிடமும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன். நம் மாணவர் பலர் வீடுகளிலும் இதே பெட்டிதானே இருக்கிறது!

தொலைக்காட்சிப் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. டியூனர் என்னும் பகுதி வருகின்ற அலையிலிருந்து படத்தையும் ஒலியையும் பிரித்தெடுக்கிறது. படக்குழாய் அந்தப் படத்தைத் திரையில் வரைகிறது. பழைய அனலாக் முறையில், காட்சியின் ஒளி ஏறி இறங்குவதற்கேற்ப மின் குறிகையும் ஏறி இறங்கும். டிஜிட்டல் முறையிலோ படம் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு வருகிறது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் போதும். செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவரை ஒவ்வொரு முறையும் ஏன் அனுப்ப வேண்டும்? இதனால் ஓர் அலைவரிசை சென்ற இடத்தில் பல அலைவரிசைகள் செல்ல முடிகிறது. நம் நாட்டில் கேபிள் ஒளிபரப்பை டிஜிட்டலாக்கும் பணி 2012இல் பெருநகரங்களில் தொடங்கியது. கிராமங்களுக்கான கெடு 2017 மார்ச் 31.

ஆக, எங்கள் பெட்டியில் காலாவதியானது டியூனர் மட்டுமே. படக்குழாய்க்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாக்கும் தெரியாது. எண்களைப் பழையபடி மின் குறிகையாக்கி, நொடிக்கு 25 படம், படத்துக்கு 625 வரி என்னும் பால் முறையில் கொடுத்துவிட்டால் அது மறுக்காமல் வரையும். அந்த மொழிபெயர்ப்பு வேலையைத்தான் செட்டாப் பாக்ஸ் செய்கிறது. மஞ்சள் கம்பியில் படம். வெள்ளை, சிவப்புக் கம்பிகளில் ஒலி. ஏ.வி. துளை இல்லாத மிகப் பழைய பெட்டியானால், ஆண்டெனாத் துளை வழியே கொடுக்க ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு கருவி வேண்டும்.

முதலில் நான் சொன்னது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கிய இதற்கு மாதக் கட்டணம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. நம் பகுதியில் கிண்ணத்தைத் தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து பார்க்கும்படி வைக்க வேண்டும். கனமழையில் அலை வலுவிழக்கும். பழைய முறையில் புள்ளி புள்ளியாகவேனும் படம் தெரியும். இதில் கட்டம் கட்டமாக உடைந்து அடியோடு நின்றுவிடும். மழையை அப்பத்தா பொறுத்துக்கொள்வார். ஆனால் அவர் பார்க்கும் தொடர் வரும் அலைவரிசை அதில் இல்லையாம்! அத்துடன் அந்த யோசனை முடிந்தது.

மீண்டும் கேபிளுக்கே வந்தோம். புதிதாகக் கிடைத்த பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே இருந்தது. கடையில் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. இதற்கும் சில நூறு ரூபாயில் மாற்றி ஒன்று உண்டு. வாங்கும்போது திசையைக் கவனியுங்கள்: எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது வேண்டும். நான் எதிர்த்திசை மாற்றியை வாங்கி வந்து, மறுபடி பேருந்து ஏறிப் போய் மாற்றினேன். சரியானதை மாட்டியும் படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருண்டது. மாற்றியின் பக்கவாட்டில் இருந்த சிறு சுவிட்சு, அமெரிக்காவில் இருந்த என்.டி.எஸ்.சி. முறையில் நின்றதே காரணம். பால் பக்கம் தள்ளியதும் வண்ணம் வந்துவிட்டது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை; வட்டிக்காரருக்கு மட்டும், வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியின் பின்மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். படக்குழாயில் 20,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் உண்டு; மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இன்னொரு சிக்கல் திரையின் வடிவம். பழைய திரை 4:3, இன்றைய ஒளிபரப்பு 16:9. திரை முழுதும் நிரப்பினால் மனிதர் ஒல்லியாகிவிடுகின்றனர். பாக்ஸில் அளவை மாற்றினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சிறுத்துவிடுகிறது. இரண்டையும் அப்பத்தாவுக்குக் காட்டினேன். "ஆளு ஒல்லியா இருந்தா இருந்துட்டுப் போகுது, பொட்டி நெறையப் படம் வரட்டும்" என்றார். அப்படியே வைத்திருக்கிறோம்.