டயரைப் பிடித்து நிறுத்தும் திருகாணிகள்

மோட்டார் வாகனச் சக்கரத்தில் டயரையும் ரிம்மையும் பிணைத்து வைப்பது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே ஆகும். 'பீடு' எனப்படும், எஃகுக் கம்பிகள் பொதிந்த தடித்த உள்விளிம்பை அது ரிம்மின் ஓரச்சுவரோடு அழுத்துவதால் பிறக்கும் உராய்வே, எஞ்சினின் முறுக்குவிசையை ரிம்மிலிருந்து டயருக்குக் கடத்துகிறது.

சாதாரணக் காரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்று இருப்பதால் இப்பிடிப்பு தளர்வதில்லை. நிற்கும் இடத்திலிருந்து புறப்பட்டுக் கால் மைலை, அதாவது ஏறக்குறைய 402 மீட்டரை, விரைந்து கடக்கும் அமெரிக்க 'டிராக்' பந்தயத்திலோ நிலைமை வேறு. பள்ள வரிகளற்ற 'ஸ்லிக்' டயர் தரையை அகலமாகப் பற்ற வேண்டும் என்பதற்காக அதன் காற்றைப் பெரிதும் குறைக்கிறார்கள். பல வாகனங்களில் அது 10 பவுண்டுக்கும் கீழே இறங்குகிறது. புறப்படும் கணத்தில் டயரின் பக்கச்சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம். தரைப்பிடிப்பைக் கூட்டிய அதே செயல் ரிம்மின் பிடியைக் குறைத்துவிடுவதால், ரிம் டயருக்குள்ளேயே வழுக்கிச் சுழல்கிறது. ட்யூப் இருந்தால் அதுவும் டயரோடு நகர, ரிம்மின் துளையில் சிக்கி நிற்கும் வால்வு அடியோடு கிழிகிறது. ட்யூப் இல்லையெனில் சக்கரம் சமன் இழந்து அதிர்கிறது.

இதற்குப் பந்தயப் பட்டறைகள் கண்ட தீர்வு மிக எளிது. ரிம்மின் ஓரச்சுவரில் சம இடைவெளிகளில் துளையிட்டு, தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் சிறு திருகாணிகளை வெளியிலிருந்து பீடின் ரப்பருக்குள் முடுக்குகிறார்கள். திருகாணி ரப்பரைக் கவ்வ வேண்டுமே தவிர, உட்புறம் வரை துளைத்துக் காற்றை வெளியேற்றவோ ட்யூபைக் குத்தவோ கூடாது என்பதால், அதன் நீளத்தைத் தேர்வதிலேயே கைத்திறன் அடங்கியிருக்கிறது. டயரையும் ரிம்மையும் இணைத்து ஒரு சாக்பீஸ் கோடு இழுத்து ஓட்டிப் பார்த்தால், கோடு பிரிந்திருக்கிறதா என்பதைக் கொண்டு வழுக்கலை அறியலாம்.

மோட்டோகிராஸ் பைக்குகளில் இதே பணியை, பீடை உள்ளிருந்து ரிம்மோடு நெருக்கும் 'ரிம் லாக்' என்னும் போல்ட் செய்கிறது. சாலை வாகனங்களுக்குத் திருகாணி முறை ஏற்றதன்று: துளை ரிம்மைப் பலவீனப்படுத்தும், தவறி இறங்கும் திருகாணி பீடின் கம்பியைச் சிதைக்கும். எனவே டயர் வழுக்குவதாக ஐயம் எழுந்தால், வாசகர்கள் காற்றழுத்தத்தையும் டயர் அளவையும் சரிபார்ப்பதே முறை.